பரண் மேல் ஓர் இரவு

மரவீடு என்று சொன்னால் இப்போது பலருக்கும் ஞாபகத்துக்கு வருவது ஒரே படம்தான். பாலித் தீவுக்குத் தென்கிழக்கே நூசா பெனிடா என்று ஒரு குட்டித் தீவு. அதன் கிழக்குக் கரையில் செங்குத்துப் பாறையின் ஓரத்தில் ஒரு மரம், மரத்தின் மேல் ஒரு குடிசை, கீழே பச்சையும் நீலமுமாகக் கடல். குடிசை வாசலில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். (எல்லாப் படத்திலும் முதுகுதான். முகத்தைப் பார்த்ததே இல்லை!) அந்த ஒரு படத்துக்காக வரிசையில் நிற்கிறார்களாம். ராத்திரி தங்கவும் வாடகைக்கு விட்டதுண்டு.

நண்பனின் அண்ணன் தன் செல்போனில் வைத்திருந்ததும் அதே படம்தான். காட்டியது கட்டபெட்டில், ஒரு டீக்கடையில் வைத்து. "இதே மாதிரி நம்ம பரணையும் பண்ணிடலாம்டா" என்றான். கடல்தான் இல்லை. மற்றதெல்லாம் இருக்கிறது என்பது அவன் கட்சி.

கட்டபெட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்றுக்கும் சாலை பிரிகிற இடம். நாலு டீக்கடை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம், பச்சைத் தேயிலை மூட்டை ஏற்றிய வேன்கள், ஓர் இண்ட்கோ கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை. ஏறக்குறைய 6,000 அடி உயரம். ‘பெட்டு’ என்றால் படுக மொழியில் மலை. நீலகிரியையே அவர்கள் ‘நாக்குபெட்டா’, அதாவது நான்கு மலை என்றுதான் சொல்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் யாரும் கட்டபெட்டில் இறங்குவதில்லை. ஊட்டியிலிருந்து கோத்தகிரி போகும்போது ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நானும் இத்தனை வருஷம் அந்த ரகம்தான்.

போன பொங்கல் விடுமுறைக்கு நண்பன் கூப்பிட்டான் என்று போனேன். அவனுடைய சித்தப்பாவுக்கு ஊரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிக் காட்டை ஒட்டி நிலம். மேல் பாதி தேயிலை, கீழ்ப் பாதி கேரட்டும் பீன்ஸும். கேரட் முடிகிற இடத்தில் பூமியும் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே மொட்டைப் பாறை, பாறைக்குக் கீழே சோலைக்காடு. அந்த விளிம்பில்தான் பரண். மேலே சொன்ன அண்ணன் சித்தப்பாவின் மகன், கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான்.

அந்தப் பரணில் ஒரு ராத்திரி சித்தப்பாவோடு நானும் நண்பனும் இருந்தோம். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பழங்கதை.

நம் ஆட்களுக்கு மரவீடு ஒன்றும் புதிசில்லை. 99 பூக்களின் பெயரை வரிசையாகச் சொல்கிறதே, கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, அதில் தலைவியும் தோழியும் தினைப்புனம் காக்கப் போய் ஏறுவது மரத்தின் மேல் கட்டிய காவல் பரண்தான். அதற்கு அன்றைக்குப் பெயர் ‘இதணம்’. கிளி ஓட்டத் தழல், தட்டை, குளிர் என்று தனித்தனிக் கருவி வேறு. தட்டை என்பது மூங்கிலைப் பிளந்து செய்தது, அடித்தால் சத்தம் வரும். வள்ளி முருகனைப் பார்த்ததும் தினைப்புனத்துப் பரணில் இருக்கும்போதுதான். பகலில் கிளிக்குப் பெண்கள், ராத்திரி பன்றிக்கும் யானைக்கும் தீப்பந்தமும் கவணுமாக ஆண்கள். ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முந்தைய ஷிப்ட் முறை! பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது எனக்குத் தலைவனும் தலைவியும்தான் கண்ணில் பட்டார்கள். அந்தப் பெண் அங்கே வேலைக்குப் போயிருக்கிறாள் என்பது உறைக்கவே இல்லை.

கேரளத்தில் இதற்கு ‘ஏறுமாடம்’ என்று பெயர். காட்டுக்குள் பயிர் செய்கிறவர்கள் யானைக்குப் பயந்து உயரத்தில் கட்டியது. அதைப் பார்த்துத்தான் வயநாட்டு ரிசார்ட்டுகளில் மரவீடு வந்தது, பிறகு முதுமலைப் பக்கமும் பரவியது. ஆக, இன்றைக்கு காசு கொடுத்துத் தூங்கப் போகிற இடம், முதலில் தூங்காமல் இருப்பதற்காகக் கட்டிய இடம்.

இனி நம்ம பரண்.

நூசா பெனிடாவை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். கற்பூர மரத்தை அடியோடு வெட்டினாலும் கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வரும். அப்படி ஒரே கட்டையிலிருந்து கிளம்பிய மூன்று தண்டுகள் தடித்து மூன்று மரங்களாக நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே பன்னிரண்டு அடி உயரத்தில் சீகைக் கம்புகளைக் குறுக்கே கட்டி, மேலே பலகை போட்டிருக்கிறார். கூரைக்கு ஒரு தகரம், காற்று வருகிற பக்கம் பழைய பிளெக்ஸ் பேனர். (யாருடைய பேனர் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி முழுக்க ஒரு தலைவர் எங்களைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டே இருந்தார்.) ஏணி என்பது ஒரே மரத்தில் அறைந்த குச்சிகள். நீளம் ஏழு அடி இருக்கலாம், அகலம் நாலு. மூன்று பேர் உட்கார்ந்தால் கால் நீட்ட முடியாது.

ஓர் ஆணிகூட இல்லை, எல்லாம் கயிற்றுக் கட்டு. ஏன் என்று கேட்டேன். "காத்தடிச்சா மூணும் மூணு பக்கம் ஆடும் தம்பி. ஆணி அடிச்சா ஒரே வருசத்துல பிடுங்கிக்கும். கயிறுன்னா கூடவே ஆடும்" என்றார். நான் படிப்பதும் சிவில்தான். நான்கு செமஸ்டரில் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தரவில்லை.

ஏழு மணிக்குக் களியும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டுவிட்டு ஏறினோம். சாமான்கள்: இரண்டு டார்ச், ஒரு தகர டின், ஒரு கட்டை, பிளாஸ்கில் கட்டஞ்சாயா, மூன்று கம்பளி, பழைய பெயின்ட் டப்பாவில் கரி நெருப்பு. நெருப்பை மேலே ஏற்றவில்லை. கீழே ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, கை விறைத்தால் இறங்கிப் போய்க் காய்ச்சிக்கொள்ள வேண்டும். மேலே பலகை, பேனர், கயிறு. பற்றினால் ஐந்து நிமிஷம் தாங்காது.

குளிரை நினைத்துத்தான் பயந்திருந்தேன். ஜனவரியில் ஊட்டிப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகிற உறைபனி விழுமே! ஆனால் கனமான குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். அதனால் உறைபனி கடுமையாக விழுவது அடிவாரத்துப் புல்வெளிகளில்தான், எங்களைப் போலச் சரிவின் மேல் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சலுகை. அந்தச் சலுகையிலேயே பல் தந்தியடித்தது என்பது வேறு விஷயம்.

விளக்கெல்லாம் அணைந்த பிறகு கொஞ்ச நேரம் அழகாகத்தான் இருந்தது. எதிர்மலையில் சிதறிக்கிடந்த ஊர்களின் வெளிச்சம். தலைக்கு மேல் நட்சத்திரம், எங்கள் ஊரில் பாதிகூடத் தெரியாது. கற்பூர இலை வாசனை. காற்று வந்தால் பலகை மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்து திரும்பி வரும், தொட்டில் மாதிரி. அண்ணன் சொல்வது தப்பில்லை, இதற்கு யாரும் காசு கொடுப்பார்கள் என்றுதான் பத்து மணி வரைக்கும் தோன்றியது.

பத்துக்கு மேல் காது திறந்துகொண்டது. கீழே சோலையில் கேளையாடு ஒன்று நாய் குரைப்பது போலவே குரைத்தது. நான் நாய் என்றேன், சித்தப்பா சிரித்தார். கொஞ்ச நேரத்தில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே யாரோ நடந்து போகிற மாதிரி சத்தம், அப்புறம் ‘புஸ்ஸ்’ என்று பஸ் பிரேக் விட்டது போல ஒரு மூச்சு. காட்டெருமை. டார்ச் அடித்ததும் ஆறு ஜோடிக் கண்கள் பச்சையாக மின்னின. வளர்ந்த ஆண் ஒன்று ஆயிரம் கிலோ வரைக்கும் இருக்கும். ஆனால் சித்தப்பா டின்னைத் தட்டவில்லை, வெளிச்சத்தையும் உடனே தாழ்த்திவிட்டார். "அது தேயிலைக்குள்ள நடக்கும், தேயிலையத் தின்னாது. இப்ப விரட்டினா கேரட்டுக்குள்ளதான் ஓடும். போவட்டும்." அவை அவசரமே இல்லாமல் பதினைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டு போயின.

பரணில் இருந்தால் பத்திரம்தானே என்று கேட்டேன். காட்டெருமைக்கும் பன்றிக்கும் பத்திரமாம். கரடியும் சிறுத்தையும் மரம் ஏறும் என்று கூடவே சொன்னார். அதைக் காலையில் சொல்லியிருக்கலாம்.

பேச்சு அண்ணன் பக்கம் திரும்பியது. மகன் கணக்கு இதுதான்: பரணைக் கொஞ்சம் பெரிதாக்கி, கண்ணாடி ஜன்னல், மெத்தை, கீழே ஒரு பாத்ரூம். ராத்திரிக்கு நாலாயிரம். மாதத்தில் பத்து நாள் ஆள் வந்தால் போதும், கேரட்டை நினைத்துக் கண்விழிக்க வேண்டாம். ஆள் வருமா என்ற சந்தேகமும் அவனுக்கு இல்லை. நீலகிரிக்குக் கூட்டம் தாங்காமல்தான் உயர் நீதிமன்றம் 2024 மே மாதம் இ-பாஸ் கொண்டுவந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாளுக்கு 6,000 வண்டி, வாரக்கடைசியில் 8,000 என்று வரம்பே கட்டியது. அந்தக் கூட்டத்தில் ஒரு துளி கட்டபெட்டில் இறங்கினால்கூடப் போதாதா?

சட்டம் அவ்வளவு சுலபமில்லை. மலைப்பகுதிக் கட்டட விதிகள் இருக்கின்றன, காட்டோரம் என்றால் இன்னும் கெடுபிடி. மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு 2018-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் அந்த வழித்தடம் செல்லும் என்று தீர்ப்பும் வந்துவிட்டது. 2021 ஜனவரியில் அங்கே தங்கும் விடுதி ஒன்றின் பக்கம் வந்த யானை மேல் எரியும் டயரை எறிந்து, அது தலையில் தீயோடு ஓடிய வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த யானை செத்துப்போனது. சித்தப்பாவும் அதைப் பார்த்திருக்கிறார். ஆனால் அவர் சொன்ன தடை சட்டமும் இல்லை, யானையும் இல்லை. "அவங்க மேல படுத்துக்கிட்டா நான் எங்க உக்காந்து பாக்கறது?"

எனக்கு அப்போது ஒரு பழைய சேதி ஞாபகம் வந்தது. 1952 பிப்ரவரி 5-ஆம் தேதி ராத்திரி, கென்யாவின் அபர்டேர் காட்டில் ஓர் அத்திமரத்தின் மேல் கட்டிய ‘ட்ரீடாப்ஸ்’ விடுதியில் இங்கிலாந்து இளவரசி எலிசபெத் தங்கியிருந்தார். அன்றிரவுதான் இங்கிலாந்தில் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் தகப்பனார் தூக்கத்திலேயே இறந்துபோக, மகள் மரத்தின் மேலேயே மகாராணி ஆனார். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாதது, அதே மரத்தில் அன்றைக்கு நம் ஜிம் கார்பெட்டும் இருந்தார். குமாவூனில் ஆட்கொல்லிகளைச் சுட்ட அதே கார்பெட், எழுபத்தாறு வயதில் ஏணி உச்சியில் காவலுக்கு உட்கார்ந்து அந்த ராத்திரியைக் கழித்தார். அரசகுடும்பமே ஆனாலும் மரவீட்டில் ஒருத்தர் தூங்க இன்னொருத்தர் முழித்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பப்புவாவில் கொரோவாய் என்ற மக்கள் மர உச்சியில் வீடு கட்டி வாழ்வதாக 2011-இல் பிபிசி ஒரு படம் காட்டியது. அந்த உயரத்து வீடு படப்பிடிப்புக்காகச் சொல்லிக் கட்டவைத்தது என்று 2018-இல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பார்க்கிறவன் விரும்பும் உயரம் ஒன்று, இருக்கிறவனுக்கு வேண்டிய உயரம் வேறொன்று. சித்தப்பாவுக்கு வேண்டியது பன்னிரண்டு அடி. அதற்கு மேல் போனால் மூட்டுவலிக்கு ஆகாது, அதற்குக் கீழே என்றால் கடைசி வரப்பு தெரியாது.

மணி ஒன்றுக்கு நண்பன் தூங்கிவிட்டான். எனக்கும் கண் சொருகியது. சித்தப்பா மட்டும் கால் மணிக்கு ஒருமுறை டார்ச்சை ஒரு சுற்றுச் சுற்றுவார். அவருக்கு அது மூன்றாவது வாரம். கேரட் முற்றுகிற கடைசி ஒரு மாதம் இப்படித்தானாம், அதன் பிறகு பகலில் தேயிலை வேலையும் உண்டு. அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் கேரட்டையே விட்டுவிட்டார்கள். சேலைகளை வேலியாகச் சுற்றிப் பார்த்தாயிற்று, நாய் குரைக்கிற சத்தத்தைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தாயிற்று. பன்றிக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது, அவருடைய சொந்த நாய்தான் இன்னமும் அதற்குப் பதில் குரைக்கிறது! சோலார் மின்வேலிக்கு 2023-இல் வந்த விதிகளின்படி, காப்புக்காட்டுப் பக்கம் என்றால் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், செலவும் இருக்கிறது. பன்றியைச் சுடலாம் என்று அரசு 2025 ஜனவரியில் சொன்னது நிஜம்தான். ஆனால் காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான், அதுவும் வனத்துறையினர்தான் சுட வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடுவார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் எதுவும் கிடையாது. சித்தப்பாவின் கடைசி வரப்பிலிருந்து காடு எழுபது அடி.

அந்த விதி தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. காட்டோரத்தில் துப்பாக்கி வெடிக்க ஆரம்பித்தால் பன்றியோடு நிற்காது என்பது யாருக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு கிலோமீட்டர் நிலம் முழுக்க இப்படிச் சிலர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய ராத்திரியை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. கேரட் கிலோ என்ன விலை என்று மேட்டுப்பாளையம் மண்டியில் தினமும் எழுதிப் போடுகிறார்கள்.

மூன்றரை மணி இருக்கும். பலகை நடுங்கி எழுந்தேன். சித்தப்பா ஒரு கையால் டின்னைப் போட்டு அடித்துக்கொண்டே தொண்டை கிழியக் கத்துகிறார். "ஏய்ய்... ஹோய்ய்..." டார்ச் வெளிச்சத்தில் கேரட் பாத்தி முழுக்கக் கறுப்பு முதுகுகள். பெரியது நாலைந்து, குட்டிகள் எத்தனை என்று எண்ண முடியவில்லை. கொஞ்சம்கூடச் சத்தமில்லாமல் எப்படி வந்தனவோ தெரியாது. நண்பன் எழுந்த வேகத்தில் தகரத்தில் தலையை இடித்துக்கொண்டான். அதுவும் நல்ல சத்தம்தான். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று கேட்காதீர்கள், மானம் போய்விடும். எதிர்ச்சரிவில் வேறு யாரோ டின் தட்டினார்கள். அவருக்கும் மேலே இன்னொருவர். இருட்டில் மலை முழுக்க டின் சத்தம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது. இத்தனை பேர் அங்கே முழித்திருக்கிறார்கள் என்பது அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. ராத்திரி முழுக்க நான் அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்த அந்த இருட்டுக்குள்தான் இருந்திருக்கிறார்கள்.

பன்றிகள் பாறைப் பக்கம் இறங்கி மறைந்தன. சித்தப்பா பிளாஸ்கில் மிச்சமிருந்த சாயாவை மூன்று மூடியில் ஊற்றினார். கை நடுங்கிக்கொண்டிருந்தது, குளிரா மற்றதா என்று தெரியவில்லை. "நாலு நிமிசம் கண்ணசந்துட்டேன் தம்பி" என்றார்.

விடிந்ததும் இறங்கிப் பார்த்தோம். இரண்டு பாத்தி காலி. ஏர் உழுதது போல மண் புரண்டு கிடந்தது. பாதி கடித்த கேரட்டுகளைப் பொறுக்கி மாட்டுக்கு என்று ஒரு சாக்கில் போட்டார், முழுசாக இருந்தவற்றை வேறு சாக்கில். என்னிடம் ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார். குளிரில் இருந்த கேரட்டுக்கு ஒரு தனி இனிப்பு உண்டு, கோவையில் வாங்கினால் கிடைக்காது. மேலே தேயிலைக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஓர் அம்மா எங்களைப் பார்த்து, "ராத்திரி உங்க பக்கமா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனார்.

அண்ணன் ஒன்பது மணிக்கு வந்தான். இஞ்ச் டேப் கொண்டுவந்திருந்தான். பாத்தியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், டேப்பை எடுக்கவில்லை. ஆனால் கோபம் வந்துவிட்டது அவனுக்கு. "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையாப்பா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அதில் மெத்தையும் கண்ணாடி ஜன்னலும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அப்பாவை அந்தப் பலகையிலிருந்து எப்படியாவது இறக்க வேண்டும், அதற்கு அவனுக்குக் கிடைத்த வழி நூசா பெனிடா. சித்தப்பா பதில் சொல்லாமல் சாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பிப்ரவரி கடைசியில் நண்பனிடம் விசாரித்தேன். கேரட் எடுத்துவிட்டார்களாம், விலை சுமார்தானாம். இந்த முறை கீழ்ப் பாதியில் ஒரு பங்கைத் தேயிலையாக்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. பரணில் இரண்டு பலகை உளுத்துப்போயிருந்ததாம், மாற்றியாயிற்று. பலகைக்குப் பணம் அனுப்பியது அண்ணன்தானாம்.